இன்னும் இல்லை

தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து ‘ஃபெயில்’ என்ற சொல்லைத் துரத்தியவள் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வது பெருமைக்காக இல்லை.

அருப்புக்கோட்டையில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தேன். செண்பகவல்லி என்ற பெயரைப் பிள்ளைகள் செண்பகம் டீச்சர் என்று சுருக்கிக்கொண்டார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்திக் கொடுக்கும் நாள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. குறைவாக வாங்கிய பிள்ளை பேப்பரை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைக்கும். அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்த மார்க் யாருக்கும் சொல்லாது. பின்னத்தில் புலியாக இருக்கும், பரப்பளவில் கோட்டை விட்டிருக்கும். இரண்டையும் கூட்டி ஓர் எண்ணைப் போட்டு முதுகில் ஒட்டி வீட்டுக்கு அனுப்புவோம்.

பதினோரு வருடத்துக்கு முன் அளவை வாரியம் என்று ஒன்றை அமைத்து, புதிய மதிப்பீட்டு முறையை வடிவமைக்கக் கூப்பிட்ட ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. மார்க் வேண்டாம், ரேங்க் வேண்டாம், வருடக் கடைசிப் பரீட்சையே வேண்டாம் என்றேன். பாடத்தைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் பிள்ளைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்போம் என்றேன். அதைப் பார்ப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு மின்னணுப் பலகை கொடுத்தார்கள். நோட்டுக்குப் பதில் அதில்தான் எழுத வேண்டும். கை எங்கே தயங்குகிறது, எதை அழிக்கிறது, எந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறது என்று பலகை வருடம் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருக்கும். திறன் வந்ததும் ‘வந்துவிட்டது’ என்று பச்சையில் காட்டும்.

வராவிட்டால் என்ன காட்டுவது என்பதில் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். ‘தேர்ச்சி இல்லை’ என்று போடலாம் என்றார் ஓர் அதிகாரி. மேசையைத் தட்டி, ‘இன்னும் இல்லை’ என்று போடுங்கள் என்றேன். இன்றைக்கு வராதது நாளைக்கு வரும், எந்தப் பிள்ளையையும் இந்தச் சொல் வாசலுக்கு வெளியே நிறுத்தாது என்று விளக்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கவுன்சிலர் சிபாரிசு, ஹெட்மாஸ்டரின் மச்சினர் மகன் என்று எந்த மனிதக் கையும் உள்ளே நுழைந்து சிவப்பைப் பச்சையாக்கக் கூடாது என்று எழுத வைத்ததும் நான்தான். அதற்கும் கை தட்டினார்கள்.

நான் ஓய்வு பெற்று மூன்றாவது வருடம், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கௌசல்யா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கௌசல்யா என்னிடம் படித்தவள். நூற்பாலையில் வேலை பார்க்கிறாள், புருஷன் கொத்தனார். மகள் பெயர் தர்ஷிகா, எட்டாவது, பதின்மூன்று வயது. வந்ததும் செருப்பை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஒன்பதாவதுக்குப் போக வேண்டுமென்றால் பன்னிரண்டு ஆதாரத் திறன்கள் பச்சையாகியிருக்க வேண்டும். தர்ஷிகாவுக்குப் பதினொன்று ஆகிவிட்டது. விகிதம் ஒன்று மட்டும் ஒன்றரை வருடமாக இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்றே காட்டுகிறது. ஏப்ரல் முப்பதுக்குள் ஆகாவிட்டால் அவளைக் கைத்தொழில் வளாகத்துக்கு மாற்றுவதாகக் கடிதம் வந்திருந்தது. வளாகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். காலையில் தறியும் நூல் நூற்கும் கதிரும் பழக்குவார்கள், சாயங்காலம் அந்த வராத திறனைச் சொல்லிக்கொடுப்பார்கள். வந்தால்தான் வெளியே விடுவார்கள். அங்கே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொல்வதில்லை. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சட்டசபையில் கணக்குச் சொல்கிறார்கள்.

பலகை தப்புப் பண்ணாது என்று நான் முதலில் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். அதற்கு யார் மேலும் கோபம் கிடையாது, அவசரமும் கிடையாது, வந்திருந்தால் காட்டியிருக்கும் என்றேன். கௌசல்யா எதிர்த்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எட்டாவதுல எனக்கு முப்பத்திரண்டுதான் டீச்சர் வந்துச்சு. நீங்க முப்பத்தஞ்சு போட்டு விட்டீங்க. அதனாலதான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். இப்ப எம்புள்ளைக்குப் போட்டுவிட ஒரு ஆள் இல்ல.”

அது உண்மை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று என்று ஒரு பிள்ளை வாசற்படியில் நின்றால், எங்கேயாவது ஒரு படிக்கு அரை மார்க், படத்துக்கு ஒரு மார்க் என்று தேடிப் பிடித்துத் தள்ளி விடுவோம். தேடியும் கிடைக்காவிட்டால் முயற்சிக்கு என்று இரண்டு போடுவோம். அதை நாங்கள் யாரும் தப்பாகவே நினைத்ததில்லை.

பிள்ளையை மேசை முன் உட்கார வைத்து வெள்ளைத் தாள் கொடுத்தேன். பன்னிரண்டு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையை எட்டுப் பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டேன். ஏழாவது பிள்ளைகளைக் கவிழ்க்கும் கணக்கு அது. தர்ஷிகா முதலில் ஸ்கேலை வைத்து ஓரத்தில் கோடு போட்டாள். நான் வாயால் சொன்ன கேள்வியை முத்து முத்தாக முழுசாக எழுதினாள். அடியில் கோடு. ‘தீர்வு’ என்று எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம். அதற்குப் பிறகு மூன்றே வரியில் பதினைந்து நாள் என்று முடித்துவிட்டாள்.

இன்னும் ஆறு கணக்குக் கொடுத்தேன். ஆறும் சரி. ஒவ்வொன்றுக்கும் கேள்வியை எழுதும் நேரம் பதிலுக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு. எனக்குப் பொறுமை போய்விட்டது. கேள்வியை எதற்கு இப்படிக் கல்வெட்டு மாதிரி செதுக்குகிறாய் என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். கௌசல்யா சிரித்துக்கொண்டே, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஒன்றும் தெரியாவிட்டாலும் கேள்வியையாவது அழகாக எழுதிவிட்டு வாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் சொல்வேன். வெறும் தாளுக்கு மார்க் போட முடியாதில்லையா? எழுத்து என்று ஏதாவது இருந்தால்தான் நான் எதையாவது பிடித்துத் தொங்க முடியும்.

மறுநாள் ரெஹானாவைப் போனில் கூப்பிட்டேன். வாரியத்தில் பலகைக்குள் ஓடும் மதிப்பீட்டு நிரலை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமை, பராமரிக்கும் பொறியாளர். முறையை வடிவமைத்த வருடங்களில் என்னோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள், அப்போது சின்னப்பெண், இப்போது நாற்பதை நெருங்குகிறாள். ஏழு கணக்கையும் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவள் அவற்றைப் பார்த்திருந்தாள். எழுதித் தர முடியாது, வாயால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

“நிரலுக்கு முதல்ல கத்துக்குடுத்தது எதை வெச்சு, ஞாபகம் இருக்கா மேடம்? நீங்கள்லாம் திருத்தின பழைய பேப்பர். நாப்பதாயிரம். அதுல இருபத்தொம்பது வாங்கின பிள்ளைங்க இருக்காங்க, முப்பது இருக்காங்க. முப்பத்திரண்டு, முப்பத்திமூணு, முப்பத்திநாலுல ஆளே இல்லை. முப்பத்தஞ்சுல மட்டும் மலையா குவிஞ்சிருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நாங்கள் தள்ளி விடுவது, ஊருக்கே தெரிந்த விஷயம் என்றேன்.

“ஊருக்குத் தெரியும். நிரலுக்குத் தெரியாதே. அதுகிட்ட நீங்க யாரும் சொல்லலை, எங்களுக்கும் சொல்லணும்னு தோணலை. அது என்ன பண்ணுச்சு, அதே பிள்ளைங்க அடுத்த வருஷம் எப்படிப் போட்டாங்கன்னு பார்த்துச்சு. முப்பத்தஞ்சு வாங்கினதுல பாதிப் பேருக்குப் பாடம் வரலை. அப்ப இந்த மாதிரிப் பேப்பர்ல வாத்தியாரை ஏமாத்துனது எதுன்னு தேடுச்சு. கண்டும் பிடிச்சுடுச்சு.”

“எது?”

“கேள்வியை அழகா முழுசா எழுதறது. அடிக்கோடு. தீர்வுன்னு கட்டம் கட்டறது. அப்படி எழுதற பிள்ளைக்குப் பதில் தெரியாது, யாரோ பாவம் பார்த்துப் போட்டிருக்காங்கன்னு அது முடிவுக்கு வந்துடுச்சு மேடம். அதுக்கப்புறம் பதில் சரியாவே இருந்தாலும் நம்ப மாட்டேங்குது.”

மற்ற பதினொன்று எப்படிப் பச்சையானது என்று கேட்டேன். அவையெல்லாம் வெறும் எண்களாக வருபவை, எழுதுவதற்குக் கேள்வி என்று ஒன்றும் இருக்காது, விகிதம்தான் வாக்கியக் கணக்கு என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்பதாயிரம் பேப்பரில் ஆயிரத்து இருநூறு நான் திருத்தியவை. எங்கள் மாவட்டத்திலிருந்து நான்தான் ஆசையாக அள்ளிக் கொடுத்தேன்.

இப்படி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். முப்பத்தோராயிரம் இருக்கலாம் என்றாள். இரண்டு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்து ஃபைல் வைத்திருக்கிறாள். நிரலைத் திருத்தினால் பதினோரு வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் திரும்பப் பார்க்க வேண்டும், வளாகத்தில் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று மேலே கேட்டார்களாம். அந்த ஃபைல் இன்னும் மேலேதான் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்து கத்தினேன். ரெஹானா கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி முடித்தபோது, திட்ட வேண்டிய ஆட்களில் முதல் ஆள் நான்தான் என்று புரிந்தது.

கேள்வியை எழுதாதே என்று தர்ஷிகாவிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, இரண்டே நாளில் விட்டுவிட்டாள். பத்தாவது நாள் பலகை, எழுதும் முறை திடீரென்று மாறியிருப்பதால் வேறு யாரோ உதவுவதாகத் தெரிகிறது, அறுபது நாள் புதிதாகக் கவனித்த பிறகே முடிவு சொல்லப்படும் என்று காட்டியது. எங்களிடம் அறுபது நாள் இல்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. மனிதக் கை நுழையக் கூடாது என்ற விதிக்கு ஒரே விலக்காக, பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஓர் ஆசிரியர், ஓய்வு பெற்றவரானாலும், நேரில் சோதித்துக் கையெழுத்திடலாம். மனித மறுபார்வை என்று பெயர். நானே போடுகிறேன் என்று கிளம்பினேன். ரெஹானா பதறிப்போய், வேண்டவே வேண்டாம் என்றாள். எந்த ஆசிரியரின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்றும் நிரல் ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். என் பேச்சுக்கு நூற்றுக்கு நான்கு.

“நீங்க கையெழுத்துப் போட்டா, இது பாவம் பார்க்கிற கேஸ்தான்னு அது உறுதி பண்ணிக்கும். பிள்ளைக்கு இன்னும் மோசமாயிடும் மேடம். நூத்துக்கு நூறு இருக்கிற ஆளைப் பாருங்க. உங்க மாவட்டத்துல ஒருத்தர் இருக்கார்.”

யார் என்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இஸ்ரவேல் சார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் முப்பத்திநாலு. முப்பத்திநாலு வாங்கிய பிள்ளைக்கு முப்பத்திநாலே போட்டு, பேப்பரைக் கையில் கொடுத்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிற மனுஷன். பதினாறு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம், அதில் பத்து வருடம் பேசிக்கொள்ளவில்லை.

பந்தல்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது, மனைவி தவறிவிட்டார், தானே சமைத்துக்கொள்கிறார். நடந்ததை எல்லாம் சொன்னேன். ரெஹானா சொன்னதை ஒன்று விடாமல் கேட்டார். என் மேல் அவருக்கு இருந்த பழைய கோபத்துக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது, அவரும் விடவில்லை.

“நீங்க தள்ளி விட்ட ஒவ்வொரு மார்க்கும் ஒரு பொய் டீச்சர். சின்னப் பொய்தான். நாப்பதாயிரம் பேப்பர்ல சேத்துக் கூட்டிப் பாருங்க.”

“நீங்க போடாத அந்த ஒரு மார்க்குல எத்தனை பிள்ளை படிப்ப நிப்பாட்டுச்சு சார்?”

அவர் எழுந்து உள்ளே போனார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பதினேழு. பேரோட தெரியும். ரெண்டு பேரு இப்பவும் பஸ் ஸ்டாண்டுல பாத்தா வணக்கம் வைப்பாங்க.”

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பிள்ளை யார், அப்பா அம்மா யார் என்று எதுவும் தனக்குச் சொல்லக் கூடாது, பிள்ளைக்குக் கணக்குத் தெரிந்தால் தெரியும் என்று எழுதுவேன், தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவேன் என்றார். அது போதும் சார் என்றேன். என் வாழ்க்கையில் அவருடைய கறாரை நான் நம்பி நின்றது அன்றைக்குத்தான்.

மறுபார்வைக்கு ஏப்ரல் இருபத்தெட்டு காலை பத்து மணி கொடுத்தார்கள். கௌசல்யா ஷிப்ட் மாற்றிக்கொண்டு மகளைக் கூட்டி வந்தாள். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் தைரியம் சொல்லியிருக்கிறாள். செண்பகம் டீச்சர் சொல்லி வைத்திருக்கிறார்கள், பெரிய சாரையே கூட்டி வருகிறார்கள், எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொன்னாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பாடம் எடுத்த பழைய எட்டாம் வகுப்பு அறைதான். தர்ஷிகா முன் பெஞ்சில் பலகையோடு உட்கார்ந்தாள். இஸ்ரவேல் சார் எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். நானும் கௌசல்யாவும் ஜன்னல் பக்கம். ஒரு மணி நேரம் அவர் பிள்ளையைப் பிழிந்து எடுத்துவிட்டார். மூன்று எண்களில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இரண்டுக்கு மூன்று, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நான்குக்கு ஐந்து, மூன்றையும் சேர்த்து ஒரே விகிதமாகச் சொல் என்றார். எட்டு, பன்னிரண்டு, பதினைந்து என்றாள். வரைபடத்தின் அளவைக் கொடுத்துத் தூரம் கேட்டார். சொன்னாள். கலவையில் மணலைக் கூட்டினால் சிமெண்ட் எவ்வளவு கூட வேண்டும் என்று கேட்டார். கொத்தனார் மகளிடம் அதையா கேட்பது, எழுதாமலே சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் “ம்” என்றார். சரி என்றோ தப்பு என்றோ முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் வகுப்பில் எப்போதும் அப்படித்தான்.

கடைசியாக, மூன்று சட்டை வெயிலில் காய இரண்டு மணி நேரம் ஆனால் ஒன்பது சட்டை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எனக்கே திக்கென்றது. விகிதம் தெரிந்த பிள்ளைகள் ஆறு மணி நேரம் என்று போய் விழும் குழி அது.

“கொடி நீளமா இருந்தா அதே ரெண்டு மணி நேரந்தான் சார்,” என்றாள் தர்ஷிகா.

அவர் “ம்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பலகையை வாங்கி, ‘வந்துவிட்டது’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்கு நூறு உள்ள கையெழுத்து. பலகை ஏற்றுக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இன்னொரு பக்கம் திறந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். பிள்ளையின் சொல் என்று தலைப்பு. பெரியவர்கள் எல்லோரும் கூடி ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு எடுக்கிறோம், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று குழுவில் கேட்டு அந்தப் பக்கத்தைச் சேர்க்க வைத்தவள் நான். பிள்ளை சொல்வதுதான் கடைசி முடிவு, அதை எந்தப் பெரியவரும் மாற்றக் கூடாது என்றும் எழுத வைத்திருந்தேன். விதிப்படி நாங்கள் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது.

இந்தத் திறன் உனக்கு வந்துவிட்டதா என்று பலகை கேட்கும். இரண்டு சொல்லில் ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஒரு விநாடி வேலை. தர்ஷிகா அதையே பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தொட்டாள். பலகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போய், என்னம்மா தொட்டாய் என்று கேட்டேன்.

“இன்னும் இல்லன்னு டீச்சர்.”

கௌசல்யா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏன் என்றேன், எல்லாக் கணக்கும் சரியாகத்தானே போட்டாய் என்றேன்.

“நீங்க பாவம் பாத்துச் சொல்றீங்க டீச்சர். அம்மாவுக்கும் அப்படித்தான போட்டீங்க. அம்மா சொன்னாங்க.” குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்பது மாதிரி மெதுவாகச் சொன்னாள். “பலகை ஒன்றரை வருசமா தினமும் என்னயப் பாக்குது. நீங்க இப்பத்தான பாக்குறீங்க. அதுக்குத்தான என்னயப் பத்தி நல்லாத் தெரியும்.”

இல்லை, உனக்கு நன்றாகத் தெரியும், நீ கெட்டிக்காரி என்றேன். இருபத்தொன்பது வருடம் வராத பிள்ளைகளைப் பார்த்து இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன், இதே மாதிரித் தோளில் கை வைத்துக்கொண்டு. உண்மையைச் சொல்வதற்கு என்னிடம் வேறு வார்த்தையோ வேறு முகமோ இல்லை. தர்ஷிகா தலையை ஆட்டினாள். ஒரு சொல்லையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

இஸ்ரவேல் சார் அதுவரை வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து, முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பிள்ளையின் பக்கத்திலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“பாப்பா, முப்பத்தியாறு வருசம் வேலை பாத்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு மார்க் சும்மா போட்டதில்ல. யாரை வேணா கேட்டுப் பாரு. உனக்குத் தெரியும்மா. எல்லாமே சரிம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடிக்குள் கண் நிறைந்து, அவர் அதைத் துடைக்கவும் இல்லை. அந்த மனுஷன் அழுது அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தர்ஷிகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும், இவரும் பாவம்தான் பார்க்கிறார் என்பதில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. அவர் கையை மெல்லத் தொட்டாள்.

“பரவால்ல சார்,” என்றாள். “எனக்காக நீங்க இவ்வளவு சொன்னதே போதும்.”